ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு



இந்த இதழின் மாணவர் பாடம் கல்லூரியில் உளவியல் படிக்கும் பிள்ளைகளுக்கானது. பெற்றோரும் வாசிக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நம்மிடம் வரும் உதவித்தொகை விண்ணப்பங்களில் பொறியியல், வணிகவியல், ஆசிரியர் பயிற்சி என்றுதான் எழுதியிருக்கும். இப்போது 'பி.எஸ்சி. உளவியல்' என்று எழுதிய விண்ணப்பங்களும் சேர்ந்திருக்கின்றன. "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும் பாய்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அதற்கு வேறோர் இதழில் பதில் எழுதுவோம். இந்தப் பாடம், படிக்கும்போதே ஆய்வு, சேவை, தலைமைப் பொறுப்பு என்று மூன்றையும் ஒன்றாகச் சுமக்கும் பிள்ளைகளைப் பற்றியது.

நமது உதவி பெறும் மாணவி ஒருவர் இரண்டாம் ஆண்டு முடித்த விடுமுறையில் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கையில் ஒரு நோட்டு. ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தார். முதல் பத்தியில் இறுதியாண்டு ஆய்வுத் திட்டம். இரண்டாவதில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். அதில் அவர் மாணவர் தலைவி. மூன்றாவதில் துறை மாணவர் மன்றத்தின் செயலாளர் பொறுப்பு. மூன்றையும் எப்படி இணைப்பது என்பதற்கும் அவரிடம் வழி இருந்தது. அந்த ஆண்டு முகாம் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில். ஏழு நாள் முகாமில் நூறு பேரிடம் மனச்சோர்வு பற்றிய வினாத்தாளை நிரப்பி வாங்கிவிட்டால் ஆய்வு முடிந்தது, சேவையும் முடிந்தது, மன்றத்தின் ஆண்டு விழாவில் அதையே கட்டுரையாகப் படித்துவிடலாம்.

"ஒரே கல்லுல மூணு மாங்கா சார்" என்றார் சிரித்துக்கொண்டே.

நம்மிடம் அவர் வந்தது ஓர் அறிமுகக் கடிதத்துக்காக. நமது அறக்கட்டளை அந்த மலையில் சில முறை மருத்துவ முகாம் நடத்தியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சிலரைத் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: திருப்பத்தூருக்கு மேலே மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று ஊராட்சிகள் உள்ளன. அங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம், பேசுவது தமிழ்தான். சாமை விதைக்கிறார்கள், புளி எடுக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். வேலை இல்லாத மாதங்களில் வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் கூலிக்குப் போகிறார்கள்.

கடிதம் எழுதும் முன் அந்த வினாத்தாளைக் கொடுக்கச் சொன்னோம். உளவியல் மாணவர்களுக்கு அது தெரிந்த தாள்தான். பி.எச்.க்யூ.-9 என்பார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. தூக்கம், பசி, சோர்வு, கவனம் என்று போய், ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தையும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் கேட்கிறது.

"ஏம்மா, இந்த ஒன்பதாவதுக்கு ஓர் அம்மா 'தினமும் தோணுது'ன்னு சொன்னா நீ என்ன செய்வே?"

"மூணுன்னு போட்டுக்குவேன் சார்."

"அப்புறம்?"

அந்தப் பிள்ளை கெட்டிக்காரர். அப்புறம் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை என்பது அவருக்கே உடனே புரிந்துவிட்டது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

நம் பீரோவில் இருக்கும் கோப்பு

அவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கு முழுதாக இல்லை. இதை எழுதுவதா வேண்டாமா என்று நிர்வாகிகளிடம் கலந்தோம். எழுதுவது என்று முடிவானது.

சில ஆண்டுகளுக்கு முன் நெல்லிவாசல்நாட்டின் சிற்றூர் ஒன்றில் நாம் மருத்துவ முகாம் நடத்தினோம். மருந்து கொடுத்தோம், கண்ணாடி கொடுத்தோம், மதிய உணவு கொடுத்தோம். வருபவர்களின் விவரம் வேண்டும் என்று ஒரு படிவம் அச்சடித்திருந்தோம். அதன் கடைசி வரி 'வேறு குறைகள்'. நம் தொண்டர் தம்பி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண், கணவர் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் தகவல் இல்லை, இரவில் தூக்கம் இல்லை, பிள்ளைகள் இல்லாவிட்டால் எங்காவது போய் விழுந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். தம்பி அதை அப்படியே எழுதினார். இருட்டுவதற்குள் வேன் மலை இறங்க வேண்டும் என்று ஓட்டுநர் ஒலிப்பான் அடித்தார். படிவத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டு இறங்கிவிட்டோம். ஆண்டறிக்கையில் அத்தனை பேர் பயனடைந்தனர் என்று ஓர் எண் போட்டோம். அந்த எண்ணில் அவரும் ஒருவர்.

அந்தப் படிவத்தை யாரும் திரும்பப் படிக்கவில்லை. இந்தப் பிள்ளை வந்து போன பிறகுதான் பீரோவைத் திறந்து எடுத்துப் பார்த்தோம்.

ஒருவர் தம் மனக்குறையை நம்மிடம் சொல்கிறார் என்றால் அது அமானிதம். பணத்தை அமானிதமாக வாங்கினால் ரசீது போடுகிறோம், கணக்கு எழுதுகிறோம், தணிக்கை செய்கிறோம். சொல்லை வாங்கியபோது நாம் எதையும் செய்யவில்லை.

சட்டமும் நெறியும் சொல்வது

ஆய்வு செய்ய விரும்பும் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கானவை அவை. பழங்குடி மக்களைப் பற்றித் தனியாகவே சொல்கின்றன. அந்த மக்களுக்குப் பயன் தரக்கூடிய ஆய்வாக இருந்தால்தான் அவர்களிடம் போக வேண்டும். பழங்குடிப் பகுதிக்குள் நுழையும் முன் மாவட்ட ஆட்சியர் போன்ற உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஊரின் தலைமையிடம் இசைவு பெற வேண்டும். ஊர் இசைந்துவிட்டது என்பதற்காகத் தனி மனிதரின் இசைவைக் கேட்காமல் விடக் கூடாது. இதற்கெல்லாம் மேலாகக் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஆய்வுத் திட்டத்தைப் பார்த்து அனுமதிக்க வேண்டும்.

ஏழு நாள் முகாமின் ஓய்வு நேரத்தில் இவையெல்லாம் நடக்காது. மண் வெட்டிக் கொடுத்த பிள்ளைகளே மாலையில் தாளை நீட்டினால் மலை மக்கள் மறுக்கவும் மாட்டார்கள். நன்றிக்காகச் சொல்லும் 'சரி' இசைவு ஆகாது. உளவியல் படிப்பவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறோம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கியது அது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கெடுக்க வேண்டும். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் குறிக்கோள் வாசகத்தின் பொருள். முகாமில் தன் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவர் அந்த வாசகத்தைத் திருப்பிப் போடுகிறார்.

கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும்

மாணவியின் நோட்டில் இன்னொன்றும் இருந்தது. ஆய்வு எழுதி முடிக்க 'ஒரு மாதம்' என்று குறித்திருந்தார். இதற்கு உளவியலே பதில் வைத்திருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு அது. இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 உளவியல் மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது 49 நாள் வரை சொன்னார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். சொன்ன நாளில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கவனிக்க வேண்டியது, அவர்கள் சோம்பேறிகள் அல்லர். திட்டம் போடும்போது நம் மனம் வரப்போகும் வேலையை மட்டும் பார்க்கிறது. இதற்கு முன் செய்த வேலை எவ்வளவு இழுத்தது என்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு நம் யோசனை: சென்ற பருவத்தில் கடைசியாக ஒப்படைத்த கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பதாக நினைத்தீர்கள், எத்தனை நாள் ஆனது? அந்த இடைவெளியைப் புதிய கணக்கில் கூட்டுங்கள். கூட்டிய பிறகு மூன்று பத்திகளும் ஒரே ஆண்டுக்குள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அடங்காது.

அடங்காதபோது என்ன ஆகிறது? ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், விட்ட வேலையின் நினைப்பு புதிய வேலையிலும் ஒட்டிக்கொண்டு வரும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதை 'கவன மிச்சம்' என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து ஆய்வை நினைப்பதும், ஆய்வில் உட்கார்ந்து முகாமுக்கு அரிசி வந்ததா என்று நினைப்பதும் அதுதான். நாம் தொழுகையிலேயே கடைக் கணக்குப் பார்க்கிறவர்கள். பிள்ளைகளைச் சொல்லிப் பயனில்லை.

அவசரத்தைப் பற்றிய ஓர் ஆய்வு

இந்தப் பாடத்தில் நாம் அதிகம் யோசித்தது இதைத்தான். 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரின் கிறித்தவ இறையியல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். மதரஸாவில் ஓதியவர்கள் என்ற முறையில் இதை வாசித்தபோது நம்மைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது.

நாற்பது மாணவர்கள். ஒரு கட்டடத்தில் அவர்களைக் கூட்டி, பக்கத்துக் கட்டடத்தில் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். சிலருக்குத் தலைப்பு, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. வழிப்பறியில் அடிபட்டுக் கிடந்தவனை மதப் பெரியவர்கள் கண்டும் காணாமல் போக, வேற்று இனத்தான் ஒருவன் தூக்கிச் சென்று காப்பாற்றிய கதை. மற்றவர்களுக்குத் தலைப்பு வேலைவாய்ப்பு. போகும் வழியில் சந்தில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டு, முனகிக்கொண்டு சாய்ந்திருப்பார். அவரை உட்கார வைத்தது ஆய்வாளர்கள். மாணவர்களுக்கு அது தெரியாது. சிலரிடம் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்றும், சிலரிடம் 'இப்போது கிளம்பினால் சரி' என்றும், சிலரிடம் 'நேரமாகிவிட்டது, ஓடுங்கள்' என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினார்கள். நடுவில் இருந்தவர்களில் 45. ஓடச் சொல்லப்பட்டவர்களில் 10. சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போனவரா, வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசப் போனவரா என்பது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. உதவியைப் பற்றிப் பேச ஓடியவர்களே உதவி வேண்டியவரைக் கடந்து போனார்கள்.

ஆய்வாளர்கள் அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லவில்லை. நிற்காமல் போன சிலர், போய்ச் சேர்ந்தபோது கலங்கிய முகத்தோடுதான் இருந்தார்கள். அங்கே ஒருவர் காத்திருக்கிறார், இங்கே ஒருவர் கிடக்கிறார். இரண்டு கடமைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, முன்பே ஒப்புக்கொண்ட கடமையை நோக்கி ஓடினார்கள்.

நம் வேன் ஓட்டுநரின் ஒலிப்பானும் அப்படித்தான் அடித்தது. மூன்று பத்தி போட்ட நோட்டு, அதை வைத்திருப்பவரை எந்நேரமும் 'ஓடுங்கள்' என்ற நிலையிலேயே வைக்கிறது. அந்த நிலையில் ஒன்பதாவது கேள்வியைக் கேட்கக் கூடாது.

சாலையில் ஒருவரைக் கண்டு நின்றவர்கள்

நின்றவர்களும் உண்டு. நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1993-இல் சென்னையில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும். வந்தனா சமூகப்பணியில் முதுநிலை படித்தவர். மனநோயுடன் சாலையில் ஆதரவின்றி இருந்த ஒரு பெண்ணைக் கண்டார்கள். எங்காவது சேர்த்துவிடலாம் என்று அலைந்தார்கள். சேர்த்துக்கொள்ள இடம் அமையவில்லை. தாங்களே ஓர் இடம் தொடங்கினார்கள். அதுதான் 'தி பேன்யன்'. ஆலமரம் என்று பொருள்.

இதில் பிள்ளைகள் பார்க்க வேண்டியது வரிசையை. அவர்கள் முதலில் கண்டது ஒரு மனிதரை. கேள்விகள் பிறகு வந்தன. ஆண்டுகள் போகப் போக ஒன்று தெரிந்தது: சிகிச்சையில் குணமாகியும் வீடு திரும்ப முடியாத பெண்கள் இருக்கிறார்கள். குடும்பம் ஏற்காது, அல்லது குடும்பமே இல்லை. அவர்கள் விடுதியிலேயே முதுமை அடைவதா? இந்தக் கேள்வியிலிருந்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பம்போல வாழும் ஏற்பாடு வளர்ந்தது. அது பலன் தருகிறதா என்று முறையாக ஆய்ந்து ஆய்விதழ்களிலும் எழுதினார்கள். 2007-இல் மனநலத் துறைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்க ஒரு கல்வி நிறுவனமும் தொடங்கினார்கள். வந்தனா பின்னாளில் முனைவர் பட்டம் பெற்றார். மத்திய அரசு அமைத்த மனநலக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அக்கொள்கை 2014-இல் வெளிவந்தது. சேவை, ஆய்வு, தலைமை மூன்றும் அங்கே இருக்கின்றன. ஒரே ஏழு நாளில் இல்லை.

நம் சமூகத்துக்கு இந்தத் துறை ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஏர்வாடியை நினைவூட்டுகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். தர்காவை நம்பி எல்லா மதத்துக் குடும்பங்களும் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். துஆ கேட்பது வேறு. மருத்துவம் பார்க்காமல் சங்கிலி போடுவது வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் வெளியே சொல்ல வெட்கப்படுவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறை அப்போது இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. மலைக்கும் சமவெளிக்கும், நமக்கும் மற்றவர்க்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்கப்போவதில்லை.

நோட்டில் மிஞ்சியவை

அந்தப் பிள்ளையிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. நான்கைந்து முறை வந்தார். வழிகாட்டிப் பேராசிரியரிடமும் கலந்தார். கடைசியில் அவரே எடுத்த முடிவுகள் இவை.

மன்றச் செயலாளர் பொறுப்பை வேறொரு மாணவிக்கு விட்டுக்கொடுத்தார். இது வீட்டில் சண்டையானது. "கிடைச்ச பதவிய யாராவது விடுவாங்களா?" என்று அவருடைய அத்தா நம்மிடமே வந்து வருத்தப்பட்டார். மேடை, சால்வை, புகைப்படம் எல்லாம் பெற்றோருக்கு இனிக்கத்தான் செய்கிறது. சான்றிதழ் பார்த்துத்தானே நாமும் உதவித்தொகை கொடுக்கிறோம் என்று அவர் கேட்டபோது நம்மிடம் சரியான பதில் இல்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் 'வகித்த பொறுப்புகள்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'தொடங்கி முடித்த ஒரு பணி' என்று மாற்றியிருக்கிறோம்.

ஆய்வைத் தம் கல்லூரி விடுதிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். முதன்முறையாக வீட்டை விட்டு வந்த முதலாண்டு மாணவிகளின் வீட்டு ஏக்கமும் தூக்கமும் என்பது தலைப்பு. நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்து மூலமான இசைவு, பெயருக்குப் பதில் எண், யாருக்காவது உதவி வேண்டுமென்றால் உடனே பார்க்கக் கல்லூரியின் மனநல ஆலோசகர். பேராசிரியர் சிறிய ஆய்வு என்றாராம். இளநிலை மாணவர் ஆய்வு சிறியதாக இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. கேட்பதும், எண்ணுவதும், தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் பழகத்தான் அது. ஒரு மாதம் என்று எழுதியிருந்தது இரண்டரை மாதம் ஆனது.

நெல்லிவாசல்நாட்டுக்கு வினாத்தாள் இல்லாமல் போனார். ஆனால் போகும் முன் திட்ட அலுவலரோடு சேர்ந்து இரண்டு வேலைகள் செய்தார். யாருக்காவது மனநல உதவி வேண்டும் என்றால் எங்கே அழைத்துப் போவது, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை எப்படி அணுகுவது என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொண்டார். இரண்டாவது, முகாமின் சமையல் கணக்கு, பொருள் பட்டியல் முதலியவற்றை வேறு இருவரிடம் ஒப்படைத்தார். தலைவிக்குக் கொஞ்சம் வேலை இல்லாத நேரம் இருக்க வேண்டும் என்று திட்ட அலுவலரிடமே சொல்லிவிட்டாராம். நமக்குப் பிடித்தது இதுதான். 1969 முதல் எத்தனையோ முகாம்கள் நடந்திருக்கும். சும்மா இருக்க நேரம் ஒதுக்கிய தலைவி எத்தனை பேர் என்று தெரியவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். முதல் மூன்று நாள் பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்தார்கள், பாதை சீர் செய்தார்கள், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம். ஊர்ப் பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். நான்காம் நாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முறத்தை வாங்கிப் புடைத்துப் பார்த்தார். உமியோடு தானியமும் தரையில் கொட்டியது, எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு பேச்சு வந்தது. ஆறாம் நாள் ஒருவர் மட்டும் கூடவே நடந்து வந்து, "கண்ணு, ராத்திரி ஆனா நெஞ்சு படபடங்குது, தூக்கமே இல்ல" என்றார்.

மாணவி எதையும் எழுதவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டார். பிறகு அந்தக் கடினமான கேள்வியையும் கேட்டார், தாளைப் பார்த்து அல்ல. மறுநாள் காலை செவிலியருக்குத் தகவல் சொல்லி, அந்த அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தார். கலை நிகழ்ச்சி ஒத்திகையில் தலைவி இல்லை. நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. ஊரை விட்டு இறங்கும் முன் செவிலியரிடமும் அந்த அம்மாவின் மகளிடமும் 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தார். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் எண் அது. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். வாசகர்களும் குறித்துக்கொள்ளுங்கள். மலையில் எல்லா ஊரிலும் சிக்னல் கிடைப்பதில்லை என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. செவிலியரைத் தெரிந்து வைத்திருந்ததுதான் உதவியது.

அந்த அம்மாவைப் பற்றி இதற்கு மேல் எதையும் அவர் நம்மிடம் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

முகாமின் நிறைவு நாளில் நாமும் மேலே போயிருந்தோம். சட்டைப் பையில் அந்தப் பழைய படிவத்தை மடித்து வைத்திருந்தோம். கோப்பில் இருந்த மற்ற படிவங்களை, பெயரும் ஊரும் தெரியும்படி திறந்த பீரோவில் வைத்திருப்பது தவறு என்று அந்தப் பிள்ளை சொன்னதால், நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு அழித்துவிட்டோம். இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். செவிலியரையும் அழைத்துக்கொண்டு அந்தச் சிற்றூருக்கு நடந்தோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், கணவர் வந்துவிட்டார், குடும்பத்தோடு கர்நாடகத்தில் காபித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார்கள், பிள்ளைகளும் கூடத்தான் என்றார். என்ன விஷயம் என்று கேட்டார். மருத்துவ முகாம் ஆட்கள், பார்த்துப் போக வந்தோம் என்று மட்டும் சொன்னோம்.

பொங்கலுக்கு ஊர் திரும்புவார்களாம். இன்ஷா அல்லாஹ், தை மாதம் போக வேண்டும். இந்த முறை வேன் வேண்டாம், திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் இரவு அங்கேயே தங்கிவிடலாம் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறார். தம் அம்மாவையும் கூட்டி வருவாராம்.